மூடியில் வெள்ளைப் பசை: வெறும் ஈரமா, கூலன்ட் கசிவா?

ஒயில் மூடியைத் திறந்ததும் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் நெஞ்சு திக்கென்றாகும். அதற்காக உடனே எஞ்சினைக் கழற்றச் சம்மதித்துவிடாதீர்கள்.

கொழும்பில் வெள்ளவத்தைக்கும் பக்கத்திலுள்ள பம்பலப்பிட்டிக்கும் மட்டும் குறுந்தூரம் ஓடும் கார் என்றால், பெரும்பாலும் அது படிந்த நீராவிதான். எஞ்சின் முழுச் சூடு ஏறுமுன் நிறுத்திவிடுகிறோம், ஈரம் வெளியேற வழியில்லை. பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி நிற்பதால் இது இன்னும் கூடுதல். ஆனால் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் தெளிவாக இருக்கும், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டமும் குறையாது. என் காரில் மூடியைத் துடைத்துவிட்டு, கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஒருமுறை போய்வந்தேன். அப்புறம் பசை வரவில்லை.

கூலன்ட் கசிவு அப்படியல்ல. கம்பியிலேயே ஒயில் மோர் போலக் கலங்கியிருக்கும். ஆறிய எஞ்சினில் பார்த்தாலும் கூலன்ட் நாளுக்கு நாள் குறையும், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரலாம். எஞ்சினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தயவுசெய்து ஓட்டாதீர்கள், எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விடும். கராஜுக்கு இழுத்துச் செல்லுங்கள்.

கம்பியில் குமிழ் மட்டும் தெரிகிறதா? ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.