லாக் பட்டன் இருக்குற ஹைபிரிடா, பின்னாடி மோட்டார் இருக்குற ஹைபிரிடா?

தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே தென்னாப்பிரிக்கா டர்பன்ல மழை பிடிச்சுக்கிச்சு. இங்க தை மாசம் நடு வெயில்காலம், வெயில்காலம்தான் மழைக்காலமும், அதனால காவடிக்கும் சேத்துக்கும் வருஷா வருஷம் ஒரு சொந்தம் உண்டு. வெருலம் தாண்டி கரும்புத் தோட்டத்தோரமா இருக்குற கோயில், பார்க்கிங்னு விட்டிருந்தது ஒரு சரிவான புல்தரை, காலைல இறங்கும்போது ஒண்ணும் தெரியல, சாயங்காலம் அத்தனை வண்டியும் மிதிச்ச பிறகு உழுத வயல் மாதிரி கெடக்கு. என் மச்சான் போன வருஷம்தான் ஹைபிரிட் எஸ்யூவி வாங்கினான், கியர் பக்கத்துல ஏ.டபிள்யூ.டி (நாலு சக்கரமும் இழுக்கறது) லாக்னு ஒரு பட்டன், அதைக் காட்டிக் காட்டியே எங்களைக் கடுப்பேத்திக்கிட்டு இருந்தவன். பட்டனை அமுக்கினான், டேஷ்போர்டுல லைட் வந்துச்சு, மிதிச்சான். முன்னாடி இடது சக்கரமும் பின்னாடி வலது சக்கரமும் ஜிவ்வுனு சுத்துது, மத்த ரெண்டும் அசையாம நிக்குது, தள்ளப் போன என் வேட்டி முழுக்க சேறு.

"நாலையும் லாக் போட்டாச்சே, அப்புறம் ஏன் ரெண்டு மட்டும் சுத்துது?"ன்னு கேட்டான். கேட்டது இங்கிலீஷ்ல, டர்பன்ல பொறந்து வளர்ந்தவன், தமிழ் புரியும், பேச வராது.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா எந்த ஹைபிரிட் வாங்கணும்ங்கறது பாதி முடிஞ்சிரும், அதான் எழுதறேன்.

முதல்ல லாக்னா எதை லாக் பண்ணுது? சக்கரத்தை இல்ல. ஹூண்டாய், கியாவோட டூஸான், ஸ்போர்ட்டேஜ், சான்டா ஃபே, சொரென்டோ ஹைபிரிட்ல ஏ.டபிள்யூ.டி வாங்கினா, முன்னாடி கியர்பாக்ஸ்லேருந்து ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது சுத்தற நீளத் தண்டு, வண்டிக்கு அடியில பின்னாடி வரைக்கும் ஓடும். பின் டிஃபரென்ஷியலுக்கு (ஆக்ஸிலோட ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் பெட்டி) முன்னாடி ஒரு கிளட்ச் இருக்கு, வட்ட வட்டமா தகடு அடுக்கி வச்ச மாதிரி, கம்ப்யூட்டர் சொன்னா இறுகும், விடச் சொன்னா விடும். சாதாரண ஓட்டத்துல பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும், முன்னாடி வழுக்கினா, இல்ல வழுக்கப் போகுதுன்னு தோணினா கிளட்ச் இறுகி பின்னாடியும் பங்கு போகும். லாக் பட்டன் பண்றது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கிளட்சை "வழுக்கற வரைக்கும் காத்திருக்காதே, இப்பவே இறுகி நில்லு"ங்குது. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்துல சுத்தும், அவ்வளவுதான்.

ஆனா ஒவ்வொரு ஆக்ஸிலுக்கு நடுவுலயும் ஒரு டிஃபரென்ஷியல் திறந்தபடியே இருக்கே, அதை யாரும் லாக் பண்ணல. திறந்த டிஃபரென்ஷியல் எப்பவுமே சோம்பேறி, பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே சுத்தறதைக் கொடுத்துரும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு குறுக்கால பிடி விட்டுட்டா லாக் போட்டும் ரெண்டுதான் சுத்தும். அந்த நேரத்துல காப்பாத்த வேண்டியது ட்ராக்ஷன் கண்ட்ரோல், சும்மா சுத்தற சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கைப் பிடிக்கும், அப்போ திருகு விசை வேற வழியில்லாம எதிர்ப்பக்க சக்கரத்துக்குப் போகும். நம்ம மச்சான் என்ன பண்ணியிருந்தான்னா, சேத்துல ட்ராக்ஷன் கண்ட்ரோல் ஆஃப் பண்ணணும்னு எங்கயோ கேட்டுட்டு அதையும் ஆஃப் பண்ணிட்டான். லாக்கை மட்டும் போட்டுட்டு அந்த பிரேக் உதவியை விரட்டிவிட்டா ஒரு கையைக் கட்டிக்கிட்டு சிலம்பம் ஆடற கதைதான். மணல்ல, சக்கரம் கொஞ்சம் சுத்தினாதான் வண்டி நகரும்ங்கற இடத்துல அதை ஆஃப் பண்றதுல நியாயம் இருக்கு, குறுக்கால பிடி விட்ட சரிவுல இல்ல.

இப்போ எதிர்க்கட்சி. டொயோட்டா ராவ்-4 ஹைபிரிட்ல ஈ-ஃபோர்னு சொல்றது. இங்க ஷாஃப்டே கிடையாது. முன்னாடி 2.5 லிட்டர் எஞ்சினும் 88 கிலோவாட் மோட்டாரும், பின் ஆக்ஸில்ல தனியா ஒரு 40 கிலோவாட் மோட்டார், நடுவுல ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் கேபிள், இது 2019-க்கு வந்த தலைமுறைக் கணக்கு. லாக் பண்ண எதுவுமே இல்லாததால லாக் பட்டனும் இல்ல, டிரெயில்னு ஒரு மோடு இருக்கு, அது பின் மோட்டாரைத் தாராளமா கூப்பிடும், சும்மா சுத்தற சக்கரத்தை பிரேக்கால பிடிச்சு பிடிமானம் இருக்குற பக்கம் தள்ளும். அதாவது மச்சான் ஆஃப் பண்ணி வச்சானே அந்த வேலையை இது பட்டன் போட்டு இன்னும் தீவிரமா செய்யுது. ஷோரூம்ல "இதுல லாக் இல்லீங்களா"ன்னு கேட்டா சேல்ஸ்மேன் முழிப்பான், அவன் மேல தப்பில்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேடிக்கை இருக்கு. மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட், 2013-ல வந்த முதல் வண்டி, முன்னாடி 60 பின்னாடி 60 கிலோவாட்னு ரெண்டு மோட்டார், நடுவுல ஷாஃப்ட் இல்ல, ஆனா 4 டபிள்யூ.டி லாக்னு பட்டன் மட்டும் வச்சிருந்தாங்க! பூட்ட ஒண்ணுமே இல்லாத வண்டிக்கு பூட்டு. உள்ள நடக்கறது என்னன்னா, ரெண்டு மோட்டாரையும் கூட்டாளி மாதிரி சேர்த்து இயக்கச் சொல்லி சாஃப்ட்வேருக்கு ஒரு உத்தரவு. வேலை செய்யும், நல்லாவே செய்யும், ஆனா பட்டன் மேல என்ன எழுதியிருக்குன்னு பார்த்து வண்டி வாங்கக் கூடாதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

ஹோண்டா சி.ஆர்-வி ஹைபிரிட் இன்னொரு ரகம், வேலையெல்லாம் பெரும்பாலும் முன்னாடி இருக்குற மோட்டார்தான் செய்யும், ஆனா ஏ.டபிள்யூ.டி வண்டியில பின்னாடிக்கு ஷாஃப்டும் கிளட்சும் உண்டு, லாக் பட்டன் இல்ல. சுபாரு ஃபாரெஸ்டர் ஈ-பாக்ஸர்ல எப்பவுமே நாலு சக்கர இழுப்பு, மோட்டார் வெறும் 12.3 கிலோவாட், ஹைபிரிட்னு கூப்பிடவே எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஆனா சேத்துல அது கெட்டிக்காரன்.

சரி, ஷாஃப்ட் வண்டிக்கும் கேபிள் வண்டிக்கும் ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்? ஷாஃப்ட் வண்டியில கிளட்ச் இறுகின பிறகு எஞ்சினும் மோட்டாரும் கொடுக்கறதுல பாதி வரைக்கும் பின்னாடி போகலாம், கொரியன் 1.6 டர்போ ஹைபிரிட்ல மோட்டார் எஞ்சினுக்கும் 6 கியர் ஆட்டோமேட்டிக்குக்கும் நடுவுல உக்காந்திருக்கு, அதனால எஞ்சின் அணைஞ்சு வெறும் கரண்ட்ல ஊர்ந்தாலும் நாலு சக்கரமும் இழுக்கும். ராவ்-4 மாதிரி கேபிள் வண்டியில பின்னாடிக்குக் கிடைக்கறது அந்த 40 கிலோவாட் மட்டும்தான், முன்னாடி எவ்வளவு மீதம் இருந்தாலும் அதுக்கு மேல போகாது. பேட்டரி இறங்கிட்டா பின் மோட்டார் செத்துரும்னு ஒரு பயம் பரவியிருக்கு, அது தப்பு, எஞ்சின் ஓடி ஜெனரேட்டர் வழியா நேராவே பின்னாடிக்குக் கரண்ட் கொடுக்கும். ஈரப்புல், கரும்புத் தோட்டத்து செம்மண், மிட்லாண்ட்ஸ் பக்கத்து ஜல்லி ரோடு, இதுக்கெல்லாம் அந்த 40 போதும், ஒரு நொடி கூட யோசிக்காம வேலை செய்யும், ஏன்னா மோட்டாருக்கு கிளட்ச் இறுகற நேரம்கூட வேண்டாம். ஆனா முன்சக்கரம் ரெண்டுமே கைவிட்ட நிலைமையில நீளமான மேட்டுல ஆள், லக்கேஜ், டிரெயிலரோட மெதுவா ஏறணும்னா சின்ன மோட்டாருக்கு மூச்சு வாங்கும், சூடாகும், கம்ப்யூட்டர் குறைச்சுக்கும். அங்க லாக் போட்ட ஷாஃப்ட்தான் ராஜா.

லாக்கை எங்க போடக் கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கணும். காஞ்ச தார் ரோட்டுல, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு பார்க்கிங் பண்ணிப் பாருங்க, வண்டி பிரேக் பிடிச்ச மாதிரி முனகும், டயர் துள்ளித் துள்ளித் தேயும். திருப்பத்துல முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம், ரெண்டையும் ஒரே வேகத்துல சுத்துன்னா பாவம் அது என்ன பண்ணும். அதனாலதான் வேகம் கூடினா வண்டியே லாக்கை விட்டுரும், எத்தனை கிலோமீட்டர்ல விடும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல இருக்கு. அப்புறம் ஷாஃப்ட் வண்டிக்கு நாலு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கணும். ரெண்டு புதுசு ரெண்டு மொட்டைன்னு ஓட்டினா கிளட்ச் ஓயாம உரசிச் சூடாகும். கேபிள் வண்டிக்கு இந்தத் தொல்லை கம்மி, ஆனா அதுக்கு வேற தலைவலி, ரோட்டுல உப்பு கொட்டுற கனடா மாதிரி ஊர்கள்ல பின் மோட்டாருக்குப் போற கேபிளோட இணைப்பு அரிச்சுப் போன கதை உலகம் முழுக்கத் தெரியும்.

டோ பண்றதுல ரெண்டும் ஒண்ணுதான், நாலு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கணும். இந்த ஊர் டோ டிரக் ஆட்கள் அவசரக்காரங்க, முன்னாடியைத் தூக்கி மாட்டிட்டு இழுத்துக்கிட்டு ஓடிருவாங்க. ஷாஃப்ட் வண்டின்னா கிளட்ச் போச்சு, பின் மோட்டார் வண்டின்னா சுத்தற சக்கரம் மோட்டாரைச் சுத்தி கரண்ட் தயாரிக்க ஆரம்பிச்சிரும். வண்டியை முழுசா மேல ஏத்திக்கிட்டுப் போற பிளாட் பெட்டு லாரிதான் வேணும்னு பிடிவாதமா நில்லுங்க.

டர்பன்காரங்க அடுத்துக் கேக்கறது சானி பாஸ் மலைப்பாதையில போகலாமாங்கறதுதான். 2876 மீட்டர், லெசோத்தோ எல்லை, தென்னாப்பிரிக்க செக்போஸ்ட்ல ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியை மேல விட மாட்டாங்க. இந்த ஹைபிரிட் எதுலயும் லோ ரேஞ்ச் கியர் (மெதுவா, ஆனா பலமா இழுக்கறது) கிடையாது, அதைவிட எனக்கு பயம் இறங்கறதுல. கணக்குப் போட்டுப் பாருங்க, 2 டன் வண்டி 1000 மீட்டர் இறங்கினா அதுல இருக்குற சக்தி 5 கிலோவாட் ஹவருக்கு மேல. ராவ்-4, கொரியன் ஹைபிரிட்ல பேட்டரி கொள்ளளவு 1.5 சொச்சம்தான், அதுவும் ஏற்கெனவே பாதி நிறைஞ்சிருக்கும். பாதி வழியிலயே நிரம்பிரும், அதுக்கப்புறம் மோட்டார் பிரேக் பிடிக்காது, எஞ்சின் ஊளையிடும், மிச்சமெல்லாம் பிரேக் பேட் தலையில. ராவ்-4-ல எஸ்-க்கு மாத்தி கீழ இறக்குங்க, கொரியன்ல கியரை நீங்களே கீழ இறக்குங்க, லாக்கா டிரெயிலாங்கற விவாதம் அந்த இடத்துல எடுபடாது.

அப்போ எது வாங்கறது? வாரம் முழுக்க டர்பன் டிராஃபிக், வருஷத்துல நாலு தடவை டிராகன்ஸ்பெர்க் மலைன்னா பின் மோட்டார் வண்டிதான் என் ஓட்டு, சிட்டியில பெட்ரோல் மிச்சம், தினமும் சும்மா சுத்தற ஷாஃப்ட் இல்ல. பண்ணை வச்சிருக்கீங்க, மழை பேஞ்சா மேட்டுப் பாதையில டிரெயிலர் இழுக்கணும்னா லாக் இருக்குற ஷாஃப்ட் வண்டி. ரெண்டுலயும் கம்பெனி போட்டு அனுப்பற தார் ரோட்டு டயரை மாத்தாம சேத்துக்குப் போனா நானும் மச்சானும் ஒண்ணுதான். அன்னிக்கு என் வண்டி மேல ஏறிச்சு, பெருமையா சொல்ல ஒண்ணுமில்ல, நான் மேட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தேன், டயரும் ரெண்டு மாசம் முன்னாடி மாத்தினது.

மச்சான் ட்ராக்ஷன் கண்ட்ரோலைத் திரும்ப ஆன் பண்ணினதும் சுத்தற சக்கரத்துல டுர் டுர்னு பிரேக் பிடிச்சு ஒரு அடி நகர்ந்துச்சு, அடுத்து திரும்பவும் புதைஞ்சுது, அதுக்குள்ள குழி வெட்டியாச்சே. என் மனைவியோட சித்தப்பா, எழுபது வயசு தாண்டினவர், காவடி இறக்கின கையோட தன் பழைய டீசல் பக்கியை (பிக்கப்புக்கு இந்த ஊர்ப் பேர்) ரிவர்ஸ்ல கொண்டாந்தார், லோ ரேஞ்ச் போட்டார், கயிறை மாட்டச் சொன்னார். அவருக்குத் தெரிஞ்ச தமிழ் பெரும்பாலும் கோயில் தமிழ்தான்.

"மெதுவா தம்பி, மெதுவா"ன்னார். வண்டி வெளிய வந்ததும் மச்சான் முதல் வேலையா லாக் பட்டனை ஆஃப் பண்ணினான், தார் ரோடு இன்னும் இருபது மீட்டர் தள்ளி இருந்துச்சு, திரும்பவும் புதைஞ்சான்.