டிஎஸ்ஏ பிரீசெக் எடுக்கப் போகிறீர்களா? எனக்கு 149 டாலர் போச்சு

149 டாலர் போய்விட்டது. அதோடு அம்மாவின் பாஸ்போர்ட் எண், கிரீன் கார்டு எண், பிறந்த தேதி எல்லாம் இப்போது முகம் தெரியாத எவனோ ஒருவன் கையில். பிரீசெக் என்பது விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைச் சீக்கிரம் முடிக்க, டிஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசு அமைப்பு தரும் வசதி. அதை எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் அதிக நேரம் நிற்க முடியாது. பிரீசெக் இருந்தால் தனி வரிசை. லேப்டாப், திரவப் பை எதையும் வெளியே எடுத்து வைக்க வேண்டாம். தேடியதும் மேலே விளம்பரமாக வந்தது ஒரு விண்ணப்பத் தளம். கழுகுச் சின்னம், கொடி, முகவரியிலேயே பிரீசெக் என்ற பெயர். உயரம், எடை, கண்ணின் நிறம், பழைய முகவரிகள், குற்ற வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அரசாங்கத்தைத் தவிர யார் இப்படிக் குடைந்து கேட்பார்கள்? அங்கேதான் முழு நம்பிக்கை வந்தது. கடைசிப் பக்கத்தில் 149 டாலர். கட்டியதும் "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்று ஒரு பச்சை டிக்.

பதிவு மையத்துக்கு அம்மாவை அழைத்துப் போனால், அவர் பெயரில் விண்ணப்பமே இல்லை என்கிறார்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் பணமே கட்ட வேண்டாமாம். மையத்தில் கைரேகை கொடுக்கும்போதுதான் கட்டணம், ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 85 டாலரைத் தாண்டாது.

அந்தத் தளத்தின் அரட்டைப் பெட்டியில் கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். விடாமல் கேட்டதும், "படிவம் நிரப்பித் தரும் சேவைக்கான கட்டணம் அது" என்று மாற்றிப் பேசினார்கள். யார் நிரப்பியது? ஒவ்வொரு எழுத்தையும் தட்டியது நான்! மேலாளர் அழைப்பார் என்றார்கள், எவரும் அழைக்கவில்லை. அப்புறம் பணம் திரும்பத் தரப்படாது என்று ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். வங்கியோ, நீங்களே ஒப்புதல் கொடுத்துக் கட்டியது, விசாரித்துச் சொல்கிறோம் என்கிறது.

இன்னொரு அநியாயம். எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நண்பரிடமும் இதே தளம் 149 டாலர் வாங்கியிருக்கிறது. பிரீசெக்குக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிவது குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான். எச்1பியில் இருக்கும் இந்தியர்கள், வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும்போது சோதனையைச் சீக்கிரம் முடிக்க உதவும் குளோபல் என்ட்ரி என்ற அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரீசெக் அதோடு சேர்ந்தே வரும். கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்கு அவரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டாட் கவ் (.gov) என்று முடியும் அரசுத் தளத்திலிருந்து மட்டும் உள்ளே போங்கள். புதிய பிரீசெக் விண்ணப்பத்துக்குக் கைரேகைக்கு முன்னால் காசு கேட்டால் கட்டாதீர்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் புகார்களைப் பெறும் அரசு அமைப்பான எஃப்டிசியில் புகார் கொடுங்கள். நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் ஃப்ரீஸ் போடுங்கள், அதாவது நம் பெயரில் வேறு யாரும் புதிதாகக் கடன் வாங்க முடியாதபடி முடக்கி வையுங்கள், அது இலவசம். நானும் இப்போது அம்மா பெயரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.