பழைய எலும்பை முதலில் யாரிடம் கொடுப்பது? டிஎன்ஏவா, புரதமா?

1980இல் திபெத்தியப் பீடபூமியின் ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,280 மீட்டர் உயரத்தில் இருக்கும் பைஷியா குகையில், ஒரு புத்தத் துறவி பாதித் தாடையெலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் பெரிய கடைவாய்ப் பற்கள் இரண்டு அப்படியே இருந்தன. அது யாருடைய தாடை என்று ஏறக்குறைய 40 ஆண்டுகள் தெரியவில்லை. டிஎன்ஏ கிடைக்குமா என்று பார்த்தார்கள், ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் பல்லின் உட்பகுதியிலிருந்து எடுத்த தூளில் கொலாஜன் புரதம் இருந்தது. 2019இல் விடை வந்தது: அழிந்துபோன டெனிசோவன் என்ற மனித வகையைச் சேர்ந்தவர், வயது குறைந்தது 1,60,000 ஆண்டு.

அந்த டெனிசோவன் என்ற கூட்டத்தையே 2010இல் நமக்குக் காட்டிக்கொடுத்தது டிஎன்ஏதான். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரலெலும்புத் துணுக்கு அதற்குப் போதுமாக இருந்தது. அங்கே குளிர் கைகொடுத்தது. டிஎன்ஏ நீளமான இழை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பொடிப்பொடியாக அறுந்துபோகும். கொலாஜன் எலும்பின் தாதுவோடு பின்னிக் கிடப்பதால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பற்சிப்பிக்குள், அதாவது பல்லின் கடினமான மேலுறைக்குள் (எனாமல்), மாட்டிக்கொண்ட புரதம் அதைவிடக் கெட்டி. தென்சீனாவின் புழுக்கமான குகை ஒன்றில் கிடைத்த ஜைகாண்டோபிதிகஸ் என்ற ராட்சதக் குரங்கின் பல், 19 லட்சம் ஆண்டு கழித்தும் தன் புரதத்தைக் கொடுத்தது. ஒராங்குட்டானின் தூரத்து உறவு என்று அதை வைத்துத்தான் உறுதியானது. அந்த வெப்பத்தில் அவ்வளவு பழைய டிஎன்ஏவை எதிர்பார்க்கவே முடியாது.

சரி, புரதத்தில் எவ்வளவு செய்தி இருக்கும்? இங்கேதான் அது பின்தங்குகிறது. மனித டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். பற்சிப்பியில் கிடைப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில புரதங்கள். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினாலும் புரதத்தைக் கோக்கும் மணியான அமினோ அமிலம் மாறாமலே இருந்துவிடலாம், அதனால் நெருங்கிய உறவுகளைப் பிரித்தறிவது கடினம். டிஎன்ஏவை ஆய்வகத்தில் பல மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். புரதத்தை அப்படிப் பெருக்க வழியில்லை, இருப்பதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதைவிட, அடுத்தடுத்து நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'டென்னி'. டெனிசோவா குகையில் 2,000க்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகள், கண்ணால் பார்த்தால் எது மாடு, எது குதிரை, எது மனிதர் என்று சொல்லவே முடியாதவை. ஒவ்வொன்றிலும் துளித் தூள் எடுத்து, கொலாஜனை நொதியால் வெட்டி, துண்டுகளின் நிறையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தார்கள். ஒவ்வொரு விலங்குக் கூட்டத்துக்கும் அந்த நிறைகளின் வரிசை வேறு. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு சில்லு மட்டும் மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கொலாஜனின் வேலை அத்தோடு முடிந்தது, எந்த வகை மனிதர் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. அப்புறம் டிஎன்ஏ வந்தது. 2018இல் வெளியான முடிவு: சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண், அம்மா நியாண்டர்தால் என்ற இன்னொரு அழிந்துபோன மனித வகை, அப்பா டெனிசோவன். அவள்தான் டென்னி. அத்தனை சில்லுகளுக்கும் நேரடியாக டிஎன்ஏ பார்ப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. முதலில் புரதம் சலித்துக் கொடுத்ததால்தான் அந்தப் பெண் நமக்குக் கிடைத்தாள்.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் பல் போதும். அமெலோஜெனின் என்ற பற்சிப்பிப் புரதத்துக்கு எக்ஸ், ஒய் என இரண்டு வடிவங்கள். ஒய் வடிவம் தெரிந்தால் ஆண். தெரியாவிட்டால் உடனே பெண் என்று எழுதிவிடக் கூடாது, எக்ஸ் வடிவம் தெளிவாகவும் போதிய அளவிலும் கிடைத்திருக்க வேண்டும். ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்தில் யானைத் தந்தத்தோடு புதைக்கப்பட்ட, சுமார் 5,000 ஆண்டுப் பழமையான செல்வாக்குள்ள ஒருவரை இளம் ஆண் என்றே நினைத்திருந்தார்கள். 2023இல் அவர் பெண் என்று தெரிந்தது.

டிஎன்ஏ எவ்வளவு நன்றாகக் கிடைத்தாலும் திணறும் கேள்வி ஒன்று உண்டு. மாட்டு டிஎன்ஏ இருந்தால் அங்கே மாடு இருந்தது என்று தெரியும். அவர்கள் குடித்தது பாலா, தின்றது இறைச்சியா? பாலில் வரும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் பற்காரையில் (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கில்) சிக்கினால் அது பால்தான். தாய்ப்பாலில் இந்தப் புரதம் கிடையாது, பசு, செம்மறி, வெள்ளாடு மூன்றுக்கும் சிறு வித்தியாசங்களும் உண்டு. துருக்கியின் சட்டல்ஹோயுக்கில், சுமார் 8,000 ஆண்டுப் பழைய பானைகளின் உட்புறத்தில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்புப் படிவிலிருந்து பால், தானியம், பயறு வகைகளின் புரதங்கள் கிடைத்தன.

நம் நாட்டுக்கு வந்தால், என் ஓட்டு முதலில் புரதத்துக்குத்தான். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏதான் உருப்படியாகக் கிடைத்தது, அதுவும் அரைகுறையாக. நம் வெயிலில் இப்படித்தான் நடக்கும். முதலில் சிட்டிகைத் தூளில் கொலாஜன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் எலும்பை மட்டும் டிஎன்ஏவுக்கு அனுப்பலாம். அதற்கு முன், தோண்டி எடுக்கும் இடத்திலேயே ஒன்று செய்ய வேண்டும்: பானையின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவாமல், பல்லில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எறியாமல், அப்படியே பையில் போட்டு வைக்க வேண்டும்.