டயலா, பின்மூடியா, மெஷினா? பழைய சீன வாட்சின் வயதைச் சொல்வதில் எதை நம்பலாம்

ஆன்லைனில் பழைய சீன வாட்ச் விற்பவர்களுக்கு 1960கள் மேல் அப்படியொரு பாசம். எந்த வாட்சைக் கேட்டாலும் "1960கள், ஒரிஜினல், சர்வீஸ் செய்தது" என்றுதான் பதில் வரும். நான் முதலில் வாங்கிய ஷாங்காய் கை வாட்சும் அப்படி வந்ததுதான். டயல் நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று இருந்தது, பின்மூடியில் எழுத்துகள் பாதி தேய்ந்து போயிருந்தன, உள்ளே இருந்த மெஷின் 1970களுக்கு முன்னால் இருந்திருக்கவே முடியாத ஒன்று. ஒரே வாட்சுக்கு மூன்று வயது.

அதற்கப்புறம் எந்தச் சீன வாட்ச் கைக்கு வந்தாலும் டயல், பின்மூடி, மெஷின் மூன்றையும் தனித்தனியாக விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றும் ஒரே மாதிரி நம்பத்தக்கவை அல்ல. எது எங்கே கைவிடும் என்பது வாட்சைப் பொறுத்தும் மாறும்.

முதலில் டயல், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறோம். சீன எழுத்து தெரியாதே என்று பயப்பட வேண்டாம், நாலைந்து எழுத்துகளை உருவத்தை வைத்தே பிடித்துவிடலாம். கிடைமட்டக் கோட்டின் மேல் ஒரு செங்குத்துக் கோடு நின்று, அதன் வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருந்தால் ஷாங்காயின் முதல் எழுத்து. இரண்டு பேர் முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தால் பெய்ஜிங். இரண்டு கிடைக்கோடுகளுக்குக் கீழே ஒரு ஆள் காலை அகட்டி நிற்பதுபோல் தெரிந்தால் தியான்ஜின். பெட்டி ஒன்றை நடுவில் ஒரு கோடு குத்திக்கொண்டு போனால் அது 'சீனா' என்ற சொல்லின் முதல் எழுத்து, டயலின் அடியில் 'சீனத் தயாரிப்பு' என்று போடும் இடத்தில் வரும்.

பெயரும் கொஞ்சம் பேசும். தியான்ஜின் தொழிற்சாலையின் டோங்ஃபெங், அதாவது 'கிழக்குக் காற்று', 1966-ல் வந்தது. கிழக்குக் காற்று மேற்குக் காற்றை வெல்கிறது என்று 1957-ல் மாஸ்கோவில் மாவோ பேசியதன் வாசனை அதில் இருக்கிறது. சீயான் நகரத்து வாட்சுக்கு 'செங்கொடி' என்று பெயர். டயலில் பெயரை மாவோவின் கையெழுத்துப் பாணியில் போடுவதும் கலாச்சாரப் புரட்சிக் காலத்து (1966-76) மோகம். இதையெல்லாம் வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. பழைய டயலைச் சுரண்டிவிட்டு இப்போது மறுபடி அச்சடிப்பவர்களுக்கும் இதே மோகம்தான் பிழைப்பு, மங்கிப்போன சாதாரண டயலை யார் வாங்குவார்கள், சிவப்பு நட்சத்திரமும் மாவோ கையெழுத்தும் இருந்தால் விலை தானாக ஏறுகிறது. மாவோ கையசைக்கும் படம் போட்ட டயல்களில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னாளில் செய்தவை.

லூப், அதாவது வாட்ச்காரர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி, வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது நிமிடக் கோடுகளை. ஒட்டவைத்த உலோகக் குறிகளின் நடுவும் அச்சடித்த நிமிடக் கோடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். என் ஷாங்காயில் 4 மணிக் குறிக்குப் பக்கத்தில் கோடு ஒரு மயிரிழை தள்ளி நின்றது, சீன எழுத்துகளின் முனைகள் கூர்மையாக இல்லாமல் மை கசிந்ததுபோல் தடித்திருந்தன. தொழிற்சாலை அச்சு அப்படி இருக்காது. நம் ஊரில் வர்ணமடித்து விற்கும் எச்.எம்.டி. டயல்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

ஆனால் எல்லா மாற்றத்தையும் மோசடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970களில் ஒரு ஷாங்காய் வாட்ச் 120 யுவான், சாதாரணத் தொழிலாளிக்கு மூன்று நான்கு மாதச் சம்பளம். கையில் காசு இருந்தாலும் போதாது, வாங்க அனுமதிக்கும் ரேஷன் சீட்டும் வேண்டும். வாட்ச், சைக்கிள், தையல் மெஷின், ரேடியோ நான்கையும் சேர்த்து 'சுற்றுவது மூன்று, ஒலிப்பது ஒன்று' என்பார்கள், கல்யாணம் என்றால் கேட்கிற சாமான்கள் அவை. அப்படி வாங்கிய வாட்சை யாரும் தூக்கிப் போடவில்லை. கண்ணாடி போனால் கண்ணாடி, டயல் போனால் டயல், கேஸ் போனால் கேஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 1978-ல் மாற்றிய டயலும் இன்றைக்குப் பழைய டயல்தான், அந்த வாட்சின் டயல் இல்லை, அவ்வளவுதான்.

பின்மூடி டயலைவிட நேர்மையானது, ஆனால் அரைகுறையாகப் பேசும். முழு எஃகு, பாதி எஃகு, அதிர்வு தாங்கும், தண்ணீர் புகாது போன்ற சொற்களைச் சீனத்தில் பொறித்திருப்பார்கள். பாதி எஃகு என்றால் பின்மூடி மட்டும்தான் எஃகு, மேல் கேஸ் குரோமியம் பூசிய பித்தளை. பட்டை மாட்டும் கொம்புகளின் உள்பக்கத்தைப் பாருங்கள், பூச்சு உரிந்து மஞ்சளாகத் தெரிந்தால் விஷயம் முடிந்தது. மேலே பித்தளை தெரிய, பின்னால் 'முழு எஃகு' என்று பொறித்திருந்தால் இரண்டு வாட்சுகளுக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள்.

மாடல் எண்ணும் பின்மூடியில்தான் இருக்கும், ஏமாறுகிற இடமும் அதுதான். ஷாங்காயின் முதல் பெருவாரி உற்பத்தி மாடல் ஏ581. 58 என்பது 1958, 1 என்பது அந்த ஆண்டின் முதல் மாடல். அன்றைய சீனப் பிரதமர் சௌ என்லாய் கட்டியிருந்தது இந்த மாடல்தான் என்பதால் விலையும் கூடுதல். அடுத்து வந்த ஏ611-ஐயும் இதேபோல் 1961 என்று படிக்கலாம். ஆனால் இது மாடல் பிறந்த ஆண்டு, உங்கள் கையில் இருக்கிற வாட்ச் பிறந்த ஆண்டு இல்லை. ஏ581 என்ற பொறிப்போடு பல ஆண்டுகள் வாட்ச் வந்துகொண்டே இருந்தது. அதைவிட மோசம், 1970களில் வந்த 7120, 8120 போன்ற நான்கு இலக்க எண்களையும் சிலர் இதே கணக்கில் படித்து ஆண்டு கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். அந்த எண்களில் ஆண்டே கிடையாது.

சரி, மெஷினுக்கு வருவோம். எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பாலன்ஸ் வீலுக்குக் கீழேயோ மேல்தகடுகளில் எங்காவதோ ஆங்கில எழுத்தில் குறியீடு இருக்கும். எஸ்எஸ் என்று தொடங்கினால் ஷாங்காய், எஸ்டி என்றால் தியான்ஜின், எஸ்பி என்றால் பெய்ஜிங், எஸ்இசட்1 என்றால் சூச்சோ. முதல் எஸ் இந்தக் குறியீடுகளுக்கெல்லாம் பொது, அடுத்த எழுத்துதான் ஊர். மெஷின் தகட்டில் எழுத்தை மாற்றுவதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை, வாங்குகிறவர் பின்மூடியைத் திறந்தால்தானே அது கண்ணில் படும்.

திறக்க முடியாவிட்டால் காதை வைக்கலாம். ஏ581-இன் வழி வந்த ஷாங்காய் மெஷின் ஒரு ஸ்விஸ் மெஷினைப் பார்த்துச் செய்தது, மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. பின்னால் பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவாக வந்த மெஷின் 21,600, நொடிக்கு 6. போனில் பதிவு செய்து ஒலி அலையைப் பெரிதாக்கி எண்ணினால் தெரிந்துவிடும். விற்பவர் அனுப்பும் வீடியோவில் சத்தம் மட்டும் ஒழுங்காக இருந்தாலே போதும், வாங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். தேய்மானத்தைக் குறைக்க மெஷினுக்குள் பதிக்கும் சின்னக் கற்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், 17 கல் இரண்டிலும் உண்டு.

அந்தப் பொது மெஷின்தான் இந்த விளையாட்டையே கலைத்தது. இலகு தொழில்துறை அமைச்சகம் 1969-ல் ஏற்பாடு செய்து, ஸ்விஸ் எனிகார் மெஷினை அடியொற்றி ஒரே வரைபடத்தை உருவாக்கி, நாடு முழுக்க இருந்த தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. சீனத்தில் டோங்ஜி என்பார்கள், ஒருமைப்படுத்திய மெஷின் என்று அர்த்தம். 1970களின் முதல் பாதியில் உற்பத்திக்கு வந்தது. நான்ஜிங்கின் சோங்ஷான், சூச்சோ, லியாவோனிங்கின் மயில் என்று டஜன் கணக்கான பெயர்கள், உள்ளே ஏறக்குறைய ஒரே மெஷின். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எதிலும் பொருந்தும். ஓட்டுகிறவனுக்கு வரம், வயது கண்டுபிடிக்கிறவனுக்குத் தலைவலி.

இப்போது மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய ஷாங்காயில் மெஷின் சொல்வதே தீர்ப்பு, எஸ்எஸ் மெஷின் 18,000 துடிப்போடு இருந்தால் டயல் என்ன கதை சொன்னாலும் பரவாயில்லை. டோங்ஃபெங்கில் பெயரும் மெஷினும் ஒன்றையொன்று சரிபார்க்கும். அதன் மெஷினான எஸ்டி5 சீனாவிலேயே முழுக்க வடிவமைத்த முதல் மெஷின் என்று பேர் வாங்கியது, அது 1966-க்கு முந்தைய வாட்சில் இருக்க முடியாது. அதே வாட்சை 1973-ல் ஏற்றுமதிக்காகக் 'கடற்பறவை' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள், ஆகவே சீகல் என்று ஆங்கிலத்தில் எழுதிய எஸ்டி5-ஐ 1960கள் என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். டோங்ஜியில் மட்டும் மெஷினைத் தனியாக நம்ப முடியாது. மெஷின் ஓர் ஊர், பின்மூடி ஓர் ஊர், டயல் இன்னோர் ஊர் என்று எளிதில் சேர்த்துவிடலாம், மூன்றும் ஒரே ஊரைச் சொன்னால்தான் சரி. காலம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் நான் டோங்ஃபெங்கைத்தான் வாங்குவேன். தினமும் கட்டி ஓட்ட என்றால் டோங்ஜி.

இதில் இன்னொரு சிக்கல். மேலே சொன்ன அடையாளங்கள் அத்தனையும் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்கின்றன. 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்ல வாட்சுக்கு வாய் கிடையாது. அதற்குத் தேதி முத்திரை குத்திய கடை ரசீதோ உத்தரவாதச் சீட்டோ வேண்டும், இல்லாவிட்டால் பரிசு கொடுத்தவர் பின்மூடியில் ஆண்டு பொறித்திருக்க வேண்டும். பெட்டியோடும் சீட்டோடும் வருகிற வாட்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

விமானப்படைக்காக 1961-ல் தியான்ஜினிடம் கேட்ட குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கை வாட்ச், தனிக் கதை. ஸ்விட்சர்லாந்தின் வீனஸ் 175 மெஷினுக்கான கருவிகளை வாங்கிவந்து செய்தது, மொத்தம் 1,400 வாட்ச் அளவில்தான் வந்தது. இன்று '1963' என்ற பெயரில் கிடைப்பவை அதன் மறுபதிப்புகள், உள்ளே எஸ்டி19. வாட்ச் நல்ல வாட்ச்தான், பழைய வாட்ச் இல்லை.

என் ஷாங்காய்க்குத் திரும்பினால், மெஷினில் இருந்தது இசட்எஸ்எச் என்ற குறியீடு, எஸ்-இல் தொடங்காத அது ஷாங்காயின் டோங்ஜி. தேய்ந்த பின்மூடியின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தபோது ஓர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எழுந்து வந்தது: 20. நான்கு இலக்க மாடலின் வால். பின்மூடியும் மெஷினும் 1970கள் என்று ஒத்துப்போகின்றன, டயல் மட்டும்தான் பொய். விற்றவருக்கு எழுதினேன். டயல் அழகாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். அழகாகத்தான் இருக்கிறது.