புல்லட் சைலென்சர்: கம்பெனி பீஸா, கிளாஸ்வூலா?

பெங்களூரில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினால் முதல் சர்வீஸுக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "சைலென்சர் எப்போ மாத்தப் போறீங்க?" ஜே.சி. ரோட்டுப் பக்கம் போனால் இந்தோரி, கோல்ட்ஸ்டார், மெகாஃபோன், ஷார்ட் பாட்டில் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். என்னிடமும் அத்தை மகனிடமும் ஒரே மாடல் வண்டி. அவன் கிளாஸ்வூல் (உள்ளே கண்ணாடி நார்ப் பஞ்சு வைத்த) சைலென்சர் போட்டான், நான் வண்டியோடு வந்த கம்பெனி சைலென்சரையே வைத்துக்கொண்டேன். அல்சூரில் ஒரே தெருவில் இருப்பதால் வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். இரண்டையும் வாங்கிய நாளிலிருந்து பார்த்து வருகிறேன். என் ஓட்டு கம்பெனி சைலென்சருக்குத்தான். காரணம் எல்லோரும் பேசும் போலீஸோ அபராதமோ அல்ல, பராமரிப்பு.

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2)-இன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஸ்பாட்டில் வாங்கும் தொகை குறைவாக இருக்கலாம். ஆனால் பிடுங்கிய சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோட் ரோலர் ஏற்றுவதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருள் அப்படிப் போவது யாருக்கும் நல்லதல்ல.

"சத்தம் இருந்தால்தான் கார்காரன் கவனிப்பான், அதுதான் பாதுகாப்பு" என்ற வாதம் இன்னொன்று. அமெரிக்காவில் ஹார்லி ஓட்டுபவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருவது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை இதற்கு நேரெதிராகப் பேசுகிறது. ஆபத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வண்டிக்கு நேர் முன்னால், இருபுறமும் 45 டிகிரிக்குள்தான் இருந்தது. சைலென்சரின் வாயோ பின்பக்கம் பார்த்திருக்கிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடும் காருக்குள் இருப்பவருக்கு நம் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் சத்தம் கேட்கும். சிவாஜிநகர் மாதிரி நெரிசலான சந்துகளில் நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்து விலகுகிறார்கள், அதை மறுக்கவில்லை. அந்த வேலைக்கு ஹாரன் போதும்.

பவர் ஏறுமா? எங்கள் வண்டியில் இருக்கும் ஜே-சீரீஸ் இன்ஜின் 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க். சைலென்சரை மட்டும் மாற்றினால் நந்தி மலை ஏற்றத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றுகிறது, ஸ்பீடோமீட்டர் அப்படிச் சொல்வதில்லை. எடை குறைவது மட்டும் நிஜம். கழற்றி இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தால் தெரியும், கம்பெனி சைலென்சர் நல்ல கனம்.

இனி நான் நிதானமாகச் சொல்ல நினைத்த விஷயம். சைலென்சர் வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு சத்தத்தை. கடையில் ஆக்ஸிலரேட்டரைத் திருகிக் காட்டியதும் பிடித்துப்போகும் அந்தச் சத்தம் ஒரு வருஷத்துக்குப் பிறகும் அப்படியே இருக்குமா? கம்பெனி சைலென்சரில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிளாஸ்வூலில் இருக்காது.

ஏன் என்று புரிய உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி சைலென்சருக்குள் இரும்புத் தகடுகளால் தடுத்த அறைகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் இருக்கும். ஒலி அலை ஓர் அறையில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதி அடங்கும். துருப்பிடித்து ஓட்டை விழும்வரை அதில் தேய்வதற்கு எதுவும் கிடையாது. கிளாஸ்வூல் சைலென்சரில் நேராக ஒரே ஒரு குழாய், அதில் நூற்றுக்கணக்கில் துளைகள், அதைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பஞ்சு, அதற்கு மேல் வெளி உறை. துளை வழியே வெளியேறும் ஒலியைப் பஞ்சு உறிஞ்சுகிறது. சத்தத்தை அடக்குவது முழுக்க அந்தப் பஞ்சுதான், அந்தப் பஞ்சோ தேயும் பொருள்.

350 சிசி சிங்கிள் சிலிண்டர் என்றால் அடி பலமாக இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 25 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் அந்தப் பஞ்சில் போய் மோதுகிறது. சூட்டில் நார் பொடியாகும், புகையோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். மழையில் நனைந்தாலும், எரியாத பெட்ரோல் படிந்தாலும், வருஷக்கணக்கில் படுத்த தலையணை போல ஒரு பக்கமாக அமுங்கிவிடும். அமுங்கிய இடத்துக்கு மேலே வெற்றிடம். அங்கே உறை சூடாகி நிறம் மாறத் தொடங்கினால், உள்ளே பஞ்சு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பஞ்சு நன்றாக உறிஞ்சுவது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலியைத்தான், அடித்தொண்டை ஒலியை அதனால் பெரிதாகப் பிடிக்க முடியாது. அதனால் புதிதாகப் போட்டதும் கரகரப்பெல்லாம் வடிகட்டப்பட்டு, நெஞ்சில் அடிக்கும் கனமான "டுப் டுப்" மட்டும் வெளியே வருகிறது. வாங்குபவர் மயங்குவது இதற்குத்தான், நியாயமும்கூட. அந்த நாளில் அத்தை மகனின் வண்டி என் வண்டியைவிடக் கேட்க அழகாக இருந்தது. பஞ்சு தேயத் தேய வடிகட்டிதான் போகிறது. டுப் டுப் கூடுவதில்லை, தகரத்தைத் தட்டுவது போன்ற படபடப்பு கூடுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வரும் வெடிச்சத்தமும் பெரிதாகும். அதுவும் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலென்சருக்கு வரும் வளைகுழாய்) இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று உள்ளே போனால், மிச்சப் பெட்ரோல் குழாயிலேயே எரிந்து இன்னும் பலமாக வெடிக்கும். மாற்றம் மெதுவாக வருவதால் தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாது. மாற்றி ஓட்டும் எனக்குத் தெரிந்தது, எதிர்வீட்டுப் பாட்டிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது.

வழி இல்லாமல் இல்லை, பஞ்சு மாற்றலாம். ரிவெட்டை டிரில் போட்டு எடுத்து, மூடியைக் கழற்றி, கரியும் பழைய நாரும் சுரண்டி, துளைக்குழாயைச் சுற்றிப் புதுப் பஞ்சு கட்டி, மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது, அந்த நார் தோலில் குத்தி நாள்முழுக்க அரிக்கும். கட்டும் அளவிலும் கவனம் வேண்டும்: தளர்வாகக் கட்டினால் சீக்கிரம் பறந்துபோகும், இறுக்கித் திணித்தால் ஒலி உள்ளே போக இடமில்லாமல் சத்தம் கூடும். அத்தை மகனுக்கு இதைச் செய்து தந்த மெக்கானிக் அண்ணன் தமிழ்க்காரர்தான். அவர் சொன்னது: "மாத்துறது பெரிய வேலை இல்ல தம்பி. ஆனா போட்டுட்டுப் போனவங்க யாரும் இதுக்குன்னு திரும்பி வர்றதில்ல, வேற ரிப்பேருக்கு வரும்போது நான்தான் சொல்லணும்." தெருவில் காதைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டிகளில் பல, வாங்கிய அன்று இவ்வளவு சத்தம் போட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சட்ட விஷயமும் இங்கே வந்து சேர்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் சோதனையில் கடந்து போகும்போது 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உற்பத்தி விதி. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவோ பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குக் கிளம்புபவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்வது அந்த 45 டெசிபல் நேரத்தில்தான். அல்சூர் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் அத்தை மகனுக்கு வந்துவிட்டது. எனக்கு அது தேவைப்படவில்லை.

நீண்ட தூரத்துக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி ஊருக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே போதுமான அளவு இருக்கிறது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) வகுத்த கணக்கு. அப்படிப் பார்த்தால் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். சைலென்சர் பின்னால் இருப்பதால் நெடுஞ்சாலை வேகத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வண்டியில் வேலூர் வரை போய் இறங்கினால் எனக்குத் தலை கனக்கிறது, என் வண்டியில் அப்படி இல்லை.

கம்பெனி சைலென்சரில் குறையே இல்லையா? உண்டு. அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு வரை மட்டும் ஓடும் வண்டியில் சைலென்சர் முழுதாகச் சூடாவதில்லை. எரிவதில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து தங்கி, உள்ளிருந்து துரு வைக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நீளமாக ஓட்ட வேண்டும், அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளை சேறால் அடைபடாமல் பார்க்க வேண்டும். புதிதாக மாற்ற நேர்ந்தால் விலையும் கடிக்கும். அப்புறம், பழைய புல்லட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் அடங்கியதாகவே தெரியும். ஜே-சீரீஸில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் இருப்பதால், காதுக்கு மட்டுமல்ல, உட்காரும் இடத்துக்கும் அது வேறு வண்டிதான்.

650 இன்டர்செப்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை அப்படியே சொல்லத் தயங்குகிறேன், அதை நான் கொஞ்சம்தான் ஓட்டியிருக்கிறேன். 270 டிகிரி கிராங்க் உள்ள (வெடிப்புகள் சம இடைவெளியில் வராத) அந்த இரட்டை சிலிண்டரின் சத்தத்தை நல்ல சைலென்சர் அழகாக்குகிறது என்பது என் காதுக்கே தெரிந்தது. இரண்டு சைலென்சரின் எடையும் குறைகிறது. ஆனால் பஞ்சுக் கதை அங்கேயும் அதேதான், இரண்டு மடங்கு வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் கிளாஸ்வூல்தான் வேண்டும் என்றால், வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். மூடி ரிவெட்டா, ஸ்க்ரூவா? ஸ்க்ரூ என்றால் பஞ்சு மாற்றுவது வீட்டிலேயே முடியும். டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்க சைலென்சர் வாயில் செருகும் சின்னக் குழாய்) கூடவே வருகிறதா? வந்தால் கழற்றாமல் ஓட்டுங்கள். உங்கள் வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கிறதா, சைலென்சருக்குள்ளா? உள்ளே என்றால் சைலென்சரோடு அதுவும் போய்விடும், பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டியில் புகைச் சோதனை சிக்கலாகும். கழற்றிய கம்பெனி சைலென்சரைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே ஈரம் இல்லாமல் வடித்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்பது அதைத்தான்.