டேப்பட் சத்தம்: கெட்டதை மட்டும் மாற்றுவதா, 16-ஐயும் மாற்றுவதா?

2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்விஃப்ட் 1.3 டீசலில் 'டிக் டிக்' சத்தமா? டேப்பட்டாக இருக்கலாம்: ஆயில் பிரஷரால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு பாகம், வால்வுக்கு ஒன்றாக மொத்தம் 16. காலையில் சில நொடி கேட்டு அடங்கினால் விட்டுவிடுங்கள். இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால் முதலில் ஆயில் அளவையும் பிரஷரையும் பாருங்கள். பிரஷர் குறைவென்றால் புது டேப்பட்டும் தட்டத்தான் செய்யும். அது சரியாக இருந்தால்தான் இந்தக் கேள்வியே.

பாகச் செலவு: ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம், 16 என்றால் கையைக் கடிக்கும்.

கூலி: இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எப்படியும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளைக் கழற்ற வேண்டும், வால்வு திறக்கும் டைமிங்கை மறுபடி செட் செய்ய வேண்டும். ஆறு மாதத்தில் இன்னொன்று தட்ட ஆரம்பித்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் இரண்டாவது கூலியில் போய்விடும்.

உழைப்பு: மாற்றாமல் விட்டவையும் அதே ஆயிலில் அதே தூரம் ஓடியவைதானே.

சீக்கிரம் வண்டி மாற்றப் போகிறவர்களுக்குக் கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். வருடக்கணக்கில் ஓட்டப் போகிறவர்கள் 16-ஐயும் மாற்றிவிடுங்கள். எதுவானாலும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள ராக்கர்களின் ரோலர்களைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, ராக்கர்களை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.