ஜமாஅத்தில் வாங்கும் குலா சான்றிதழ் எதுவரை செல்லும்?

தமிழ்நாட்டில் குலா (மனைவி தரப்பிலிருந்து வரும் மணவிலக்கு) கேட்கும் பெண் பெரும்பாலும் முதலில் போவது மஹல்லா ஜமாஅத்துக்கு (ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம்), அல்லது ஷரீஅத் கவுன்சிலுக்கு (மார்க்கச் சட்டப்படி குடும்பப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் தனியார் அமைப்பு). அங்கே நடக்கும் பேச்சுவார்த்தை அருமையான சேவை. கடைசியில் தரும் தாளை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

மனு கொடுத்ததும் கணவருக்குக் கடிதம் போகும். குர்ஆன் 4:35 சொல்வதுபோல் இரு தரப்பிலும் ஆளுக்கொரு நடுவர் உட்கார்ந்து பேசுவார்கள். சேர வழியில்லை என்றால் மஹரில் (மணத்துக்காகக் கணவர் மனைவிக்குத் தரும் தொகை) எவ்வளவு திருப்பித் தருவது, நகையும் சீர்ச் சாமானும் யாருக்கு, பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் முடிவாகும். கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுக்கும் விஷயம் இங்கே சில அமர்வுகளில் தீர்வதுண்டு. ஆனால் "நகை ஒப்படைக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். வளையல் எத்தனை, சங்கிலி எத்தனை கிராம் என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளையின் செலவை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால் கையெழுத்தே போடாதீர்கள். மஹரைத் தாய் விடலாம். பிள்ளையின் ஜீவனாம்சம் அவர் விட்டுக்கொடுக்கக்கூடியதல்ல.

இனி அந்தத் தாள். லெட்டர்பேடு, ரப்பர் முத்திரை, கையெழுத்து எல்லாம் சேர்ந்து பார்வைக்குக் கோர்ட் உத்தரவு மாதிரியே இருக்கும். திருமணம் நடத்தி வைக்கும் மார்க்கப் பொறுப்பாளரான காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் தரவில்லை என்று 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2017இல். 2023இல் ஒரு ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றிதழை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. குலா பெண்ணின் உரிமை, ஆனால் மணம் முறிந்தது என்று தனியார் அமைப்பு சான்றளிக்க முடியாது, குடும்பநல நீதிமன்றத்தை அணுகலாம் என்பதே தீர்ப்பின் சாரம். இத்தா (மணமுறிவுக்குப் பின் மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) முடிந்து மறுமணமும் ஆன பிறகு முன்னாள் கணவர் வழக்குப் போட்டால், கையில் இந்தத் தாள் மட்டும் வைத்திருக்கும் பெண் என்ன செய்வார்? இதை மனு வாங்கும் அன்றே சொல்லாத ஜமாஅத் அந்தப் பெண்ணுக்குப் பெரிய அநியாயம் செய்கிறது.

கணவரும் சம்மதித்தால் முபாரத் (இருவரும் சம்மதித்துப் பிரிவது) ஒப்பந்தம் எழுதி, திருமண நிலையை அறிவிக்கக் கோரி குடும்பநல நீதிமன்றத்தில் மனு போடலாம். பேச்சுவார்த்தையின் பலன் அப்போது முழுசாகக் கிடைக்கும். அவர் மறுத்தால் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் இருக்கிறது: 2 ஆண்டு ஜீவனாம்சம் தராதது, 4 ஆண்டு இருப்பிடம் தெரியாதது, 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, கொடுமை என்று காரணங்கள் அதில் உண்டு. அங்கே ஜமாஅத்தின் கடிதங்களையும் அமர்வுக் குறிப்புகளையும் ஆவணமாகக் காட்டலாம். முதல் அமர்விலிருந்தே நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.